சாய்வு வெட்டிய வாரம்

நவம்பர் 2, ஞாயிறு

காலையிலிருந்து மழை. பட்டறைத் தகரத்தில் ஓயாத சத்தம்.

புது நோட்டு. பழைய நோட்டு முழுக்க அ, ஆ, இ. இதில் தினமும் நடந்ததை எழுத வேண்டும் என்று பாக்கியம்மா உத்தரவு. ஒரு வரி எழுதுவதற்குள் தே ஓ, பால் இல்லாத தேநீர், ஆறிவிட்டது. பரவாயில்லை. மெதுவாகக் குடித்தால்தான் எனக்கு நல்லது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டயாலிசிஸ் சென்டரில் கண்டிப்பு.

பெயர்களைச் சுருக்குகிறேன், விரல் வலிக்கிறது. ரெ. என்றால் ரெஜினா, என் மகள். கு. என்றால் குமரேசன், பட்டறையில் அவளுக்குக் கூட்டாளி. முன்பு இருவரும் ஒரே தொழிற்சாலையில் வேலை. பாக்கியம்மாவை மட்டும் சுருக்க மாட்டேன். சென்டரில் எனக்குப் பக்கத்து நாற்காலி. ரத்தம் சுற்றி முடிகிற வரை தமிழ்ப் பேப்பரை மடியில் விரித்து எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்.

இன்று வந்தது ஓர் எஃகுக் கட்டி. செங்கல் அளவு. கார் கதவில் ஒட்டுகிற ரப்பர் பட்டையைப் பிதுக்கும் அச்சு. ரப்பர் கம்பெனித் தவுக்கே, அதாவது முதலாளி, தன் காரில் அவரே கொண்டுவந்தார். மேசையில் துண்டு விரித்து, தூங்கும் பிள்ளையை இறக்குவது போல வைத்தார். மற்ற வேலைகள் எல்லாம் முடிந்த கட்டி. பாக்கி ஒன்றுதான். நடுவில் புனல் போல, மூலை வைத்து, ஒரு ஓட்டை. மேலே அகலம், கீழே குறுகல். சாய்வு முப்பது டிகிரி. பினாங்கில் இரண்டு பட்டறைகள் முடியாது என்று திருப்பிவிட்டார்களாம்.

தவுக்கே சீனர்தான், ஆனால் தோட்டத்துக் கடையில் வளர்ந்தவர். தமிழ் நன்றாக வரும்.

"ஒன்னுதான் இருக்கு. கெடுத்தா வேற இல்லை. நல்லா வந்துச்சுன்னா மத்த அச்சு எல்லாம் உங்ககிட்டதான்."

அவர் போனதும் கு. பெருமூச்சு விட்டான். "ரெஜினா, இது வந்துட்டா நாம பொழச்சோம்."

"வராட்டி?"

"வராட்டி கடையை மூடிட்டு நான் டாக்சி ஓட்டறேன். நீ சிங்கப்பூர் போ."

சிங்கப்பூர்ப் பேச்சு விளையாட்டு இல்லை. அங்கே ஒரு தொழிற்சாலையில் இதே வேலைக்கு அவளைக் கூப்பிடுகிறார்கள். வருகிற ஞாயிறு ஃபோன் செய்வார்கள், அதற்குள் முடிவு சொல்ல வேண்டும். அவள் போனால் நான் ஜித்ராவில் மகன் ஜோசப் வீட்டுக்கு. மருமகள் நல்லவள். அவர்கள் நாய்கூட நல்லது. ஆனால் வேறு சென்டர். வேறு நாற்காலி. பட்டறை இல்லை.

"மூடினா மூடறது. எனக்கென்ன," என்றாள் ரெ. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போக ஆசைதான் போலிருக்கிறது. நான் குறுக்கே நிற்கக் கூடாது. "ஜித்ரா எனக்குப் பிடிக்கும்மா, நாய் நல்ல நாய்," என்று சொல்லிவைத்தேன்.

கெடா மாநிலத்தில் வெள்ளிதான் விடுமுறை, ஞாயிறு வேலை நாள். அதனால் கல்லறைத் திருநாள் பூசைக்குச் சாயங்காலம்தான் போனோம். எங்கள் ஃபாதர் பழைய முறைக்காரர். உப்பையும் மந்திரித்துத் தண்ணீரில் போடுவார். ரெ. ஒரு பாட்டிலில் தீர்த்தம் பிடித்தாள். அடியில் உப்பு கரையாமல் வெள்ளையாக நின்றது. என் மனைவி லூர்து கல்லறையில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை, மழை. தீர்த்தம் மட்டும் தெளித்தோம். மிச்சம் ரெ.வின் கைப்பையில்.

இவ்வளவு எழுதியது நானா. திருப்பிப் படித்துப் பார்த்தேன். நான்தான்.

நவம்பர் 3, திங்கள்

மழை இல்லை. புழுக்கம். கால் வீக்கம்.

பட்டறையில் என் வேலைகள்:
வாளியில் விழும் பழைய கம்பியை எடுத்துச் சாக்கில் அமுக்குவது.
தரை துடைப்பது.
சிவப்பு விளக்கு எரிந்தால் கூப்பிடுவது.
மத்தியானம் கு.வின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போய்ச் சாப்பாடு தப்பாவ், அதாவது பொட்டலமாக, வாங்கி வருவது. வாங்குவது அவன். பையைப் பிடிப்பது நான்.

மெஷினைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. வயர் கட் என்பார்கள். முடி போல மெல்லிய பித்தளைக் கம்பி. மேல் தலையிலிருந்து கீழ்த் தலைக்கு ஓடிக்கொண்டே இருக்கும். இரும்பைத் தொடாது. தொடாமலே பொறி விட்டு அரித்து வெட்டும். எல்லாம் தண்ணீருக்குள். தண்ணீருக்குள் நெருப்பு. முதல் நாள் இதைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டை மறந்து நின்றேன். ஒருமுறை ஓடிய கம்பி மறுபடி உதவாது. வாளிக்கு வந்துவிடும். அங்கிருந்து என்னிடம்.

அந்தத் தண்ணீர் நம் பைப்புத் தண்ணீர் இல்லை. ரெசின் என்று ஒரு மணல் மாதிரிப் பொருள் வழியாக ஓடி, உப்பெல்லாம் போன தண்ணீர். உப்பு இருந்தால் மின்சாரம் தண்ணீரிலேயே கசிந்துவிடும், பொறி ஒழுங்காக வராது. ஒரு மீட்டர் இருக்கிறது. பத்துக்குப் பக்கத்தில் எண் நிற்க வேண்டும். ஏறினால் தண்ணீர் கெட்டது என்று அர்த்தம். எனக்கும் உப்பு ஆகாது. மெஷினும் நானும் ஒரே பத்தியம்.

தொட்டிக்கு மேலே ரெ. தன் கையால் மூன்று மொழியில் எழுதி ஒட்டிய அட்டை. தமிழில்: தண்ணீரில் கை வைக்காதே. பேப்பருக்கு வெளியே நான் முதலில் படித்தது அதுதான். சத்தமாகப் படித்தேன். "அப்பா, உங்களைத்தான்," என்றாள்.

இன்று வேண்டாத துண்டு ஒன்றில் சாய்வு வெட்டிப் பார்த்தார்கள். அறுந்தது. மாட்டினார்கள். அறுந்தது. விளக்கு சிவப்பு, நான் கூப்பிட, கு. ஓடி வர, மறுபடி. மத்தியானத்துக்கு மேல் நான் கூப்பிடவும் இல்லை, அவனே பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

எனக்கும் விளக்கினான். கைடு என்பது வைரத்தில் போட்ட சின்ன ஓட்டை. கம்பி அதன் வழியாக வருகிறது. இரண்டு மூன்று டிகிரி சாய்த்தால் ஒன்றுமில்லை. முப்பது என்றால் ஓட்டை விளிம்பில் கம்பி மடிகிறது. மடிந்த இடத்தில் அறுகிறது. தண்ணீரும் சிக்கல். பீய்ச்சுகிற மூக்கு நேராகக் கீழே பார்க்கிறது. கம்பி பக்கவாட்டில் போகிறது. வெட்டுக்குள் தண்ணீர் போகாமல் கசடு அடைக்கிறது. அதனாலும் அறுகிறது.

"அங்கிள், நீங்க தோட்டத்துல ரப்பர் மரம் வெட்டினதும் சாய்வாத்தானே? ஏதாச்சும் ஐடியா குடுங்கலா."

"மரம் பொறுத்துக்கும் தம்பி. இது கோவக்காரனா இருக்கான்."

"அப்ப உங்களாலயும் ஆகாது."

"ஆகாது."

ரெ. எங்கள் பேச்சுக்குச் சிரிக்கவில்லை. கேஎல்லுக்கு, கோலாலம்பூர்க் கடைக்கு, ஃபோன் செய்து வாய் அகன்ற கைடும் மெத்தென்ற கம்பியும் கேட்டாள். பேசி முடித்து நாற்காலியில் அப்படியே கண் மூடினாள். கழுத்து ஒரு பக்கம் சரிந்திருந்தது. அவள் அம்மாவும் இப்படித்தான் உட்கார்ந்தபடியே தூங்குவாள்.

நவம்பர் 4, செவ்வாய்

டயாலிசிஸ். மூட்டம்.

இடது கையில் ஊசி, வலது கையில் பேனா. நர்ஸ் பார்த்துவிட்டு, "அங்கிள் டைரி எழுதறாரு, நம்மளப் பத்தி ஏதும் எழுதிடப் போறாரு," என்றாள். அவளைப் பற்றி: ஊசி குத்துவது நல்ல கை.

பாக்கியம்மா நோட்டைக் கேட்டு வாங்கிப் படித்தார். கண்ணாடியை ஏற்றி, இறக்கி.

"சவரிமுத்தண்ணே, உங்க எழுத்தெல்லாம் ஒன்னு மேல ஒன்னு விழுதே. பஸ்ல எடம் இல்லாத மாதிரி."

"நாளாக நாளாக எறங்கிடும்."

"என்னை மட்டும் சுருக்கலயா? நல்லது. சுருங்கறதுக்கு இனிமே என்ன இருக்கு."

சிரித்தோம். அவருக்குச் சிரித்தால் மெஷின் கத்தும். கத்தியது. நர்ஸ் வந்து முறைத்தாள்.

சிங்கப்பூர் விஷயம் கேட்டார். சொன்னேன். "மகளைக் கேட்டீங்களா, போக இஷ்டமான்னு?"

கேட்கவில்லை. கேட்டால் எனக்காக இல்லை என்று சொல்லிவிடுவாள். அதுதான் பயம்.

"நீங்க ஜித்ரா போயிட்டா இந்த நாற்காலில யாரப் போடுவாங்களோ. கொறட்டை விடறவரா இருந்தா நான் மாட்டேன்," என்றார் பாக்கியம்மா. பேப்பரைத் திறந்து மரண அறிவித்தல் பக்கத்தை என்னிடம் தந்தார். படிக்க எளிது, பெயரும் ஊரும்தான். கோலா கெத்தில் என்று ஓர் இடத்தில் போட்டிருந்தது. என் ஊர். எழுத்தில் முதல் தடவையாகப் பார்க்கிறேன். இறந்தவர் யாரோ, எனக்குத் தெரியாது. ஊர்ப் பெயரை மூன்று முறை படித்தேன். பாவம் அவர்.

வீட்டுக்கு வந்து படுத்ததுதான். எழுந்திருக்கவில்லை. பட்டறைக்குப் போகவில்லை.

நவம்பர் 5, புதன்

நல்ல வெயில். உடம்பு பரவாயில்லை.

கேஎல் பெட்டி வந்தது. கைடு ஒரு பட்டன் அளவுதான். கு. அதைக் கையுறை போட்டு எடுத்தான். கம்பியைத் தொட்டுப் பார்க்க எனக்குத் தந்தான். பழைய கம்பி விறைப்பு, விட்டால் துள்ளும். இது நூல் மாதிரி தொங்குகிறது.

மறுபடி வேண்டாத துண்டு. வேகத்தைக் குறைத்து, பொறியைக் குறைத்து. நான் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை. பச்சை. கு. ஸ்டூலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றான். பச்சை. சாயங்காலம் துண்டு வெளியே வந்தது. ரெ. அளந்தாள். கு.விடம் அளவுகோலை நீட்டினாள். அவனும் அளந்தான்.

"போலே," என்றான். முடியும் என்று அர்த்தம். மலாயில் சொன்னால் அவன் சந்தோஷமாக இருக்கிறான்.

உடனே உண்மையான கட்டியை ஏற்றினார்கள். அதன் அடியில் இரண்டு முளைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, மேசையில் படிந்து உட்காராது. அதனால் இரும்புப் பட்டை இரண்டு வைத்து, அதற்கு மேல் கட்டி. கு. எண்களைத் தட்டினான். நாளைக் காலை வெட்டு ஆரம்பம். அவன் மனைவி ஃபோன் மேல் ஃபோன், போய்விட்டான்.

நான் கதவோரம் நாற்காலியில். கண் மூடியிருந்தேன், தூங்கவில்லை. ரெ. விளக்குகளை அணைத்துக்கொண்டு வந்தாள். மெஷின் பக்கம் நின்றாள். கைப்பையிலிருந்து தீர்த்தப் பாட்டில். சிலுவை போட்டுக்கொண்டாள். மூடியில் கொஞ்சம் ஊற்றித் தொட்டியில் விட்டாள். நின்றாள். பிறகு பாட்டிலைக் குலுக்கி, அடியில் இருந்ததும் வர, முழுவதையும் கவிழ்த்தாள். தொட்டி விளிம்பைத் துணியால் துடைத்தாள். அந்த அட்டைக்கு நேர் கீழே.

"அப்பா, எந்திரிங்க. போலாம்."

காரில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எனக்கென்ன என்று சொன்னவள் பாட்டில் முழுவதையும் கவிழ்க்கிறாள். உப்பைப் பற்றி எனக்கு அப்போது ஞாபகமே வரவில்லை. எழுதும்போதுதான் வருகிறது. அவ்வளவு பெரிய தொட்டிக்கு ஒரு பாட்டில் என்ன செய்துவிடும்.

நவம்பர் 6, வியாழன்

காலையில் டயாலிசிஸ். மத்தியானம் பட்டறை. மழை வரும் போல.

உள்ளே நுழையும்போதே தெரிந்தது. மெஷின் நிற்கிறது. மீட்டர் அறுபதைத் தாண்டி நிற்கிறது. ஆரம்பிக்கவே விடவில்லையாம், தண்ணீர் கெட்டுவிட்டது என்று காலையிலிருந்து கத்துகிறதாம். கு. ஃபில்டரைக் கழற்றி, மாட்டி, சட்டை முழுக்க நனைந்து. ரெ. கணினிக்கு முன்னால் நின்றாள். திரையைப் பார்க்கவில்லை.

"ரெசின் போன மாசம்தான் மாத்தினோம். யாரோ உப்பள்ளிப் போட்ட மாதிரி ஏறியிருக்கே," என்றான் கு. என் பக்கம் திரும்பினான். "அங்கிள், கோவிச்சுக்காதீங்க. நீங்க இதுல ஏதும் ஊத்தினீங்களா? மருந்து கிருந்து?"

ரெ. வாயைத் திறந்தாள்.

"முகம் கழுவினேன் தம்பி," என்றேன் நான். "வேர்வை. எரிச்சலா இருந்துச்சு."

"முகமா? இதுலயா?"

"ஆமா."

"வெளிய பைப் இருக்கே அங்கிள்."

"இது சுத்தமான தண்ணின்னு நீங்கதானே சொன்னீங்க."

கு. தலையில் கை வைத்து உட்கார்ந்தான். திட்டவில்லை. அவன் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஈரச் சட்டையைப் பிழிந்துவிட்டு, "ஆயுதபூஜைக்கு என் மாமியார் விபூதியைத் தொட்டியில போட வந்தாங்க. கையைப் புடிச்சி நிறுத்தினேன். உங்களை யாரு நிறுத்தறது. முழு மூஞ்சி," என்றான்.

தொட்டியைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டினான். என் நாற்காலி வாசலுக்கு வெளியே போய்விட்டது. அங்கேயிருந்து விளக்கு தெரியாது. எதிர்க் கடை டயர்கள்தான் தெரியும்.

ரெ. வெளியே வந்தாள். மாத்திரை தந்தாள், தண்ணீர் கொண்டுவர மறந்துவிட்டாள்.

களைப்பு. பொய் சொன்னால்கூட இந்த வயதில் களைக்கிறது.

நவம்பர் 7, வெள்ளி

விடுமுறை நாள். ஆனாலும் மூன்று பேரும் பட்டறையில். தெரு முழுக்கக் கடைகள் மூடியிருக்கின்றன, மழை மட்டும்.

பாதித் தண்ணீரை இறைத்துக் கொட்டினார்கள். புது ரெசின் போட்டு, புதுத் தண்ணீர் விட்டு, ஓடவிட்டார்கள். மீட்டர் இறங்குவது நகம் வளர்வது போல. ஐம்பது. பார்த்துவிட்டு ரோட்டி சானாய் சாப்பிட்டு வந்தால் நாற்பத்தெட்டு. செய்ய ஒன்றும் இல்லை. நான் வாசற்படியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தேன். கு. சும்மா இருக்க முடியாதவன், கதவுக்கு எண்ணெய் போட்டான். ரெ. கட்டியை வேடிக்கை பார்த்தபடி நின்றாள். குனிந்தாள். அடியில் இருக்கும் இரும்புப் பட்டையை விரலால் தொட்டாள்.

"அண்ணே, இந்தப் பட்டை உயரத்தைச் சேர்த்தீங்களா?"

"எந்த உயரம்?"

"கட்டி மேசையில இல்லையே. பட்டை மேல இருக்கு."

கு. எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தான். வந்து திரையைப் பார்த்தான். பட்டையைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான்.

சேர்க்கவில்லை.

எனக்குப் புரிய நேரம் ஆனது. ரெ. ஒரு காகிதத்தில் புனல் வரைந்து காட்டினாள். நேராக வெட்டும்போது கட்டி கொஞ்சம் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் ஓட்டை ஒரே அளவு. புனலில் அப்படி இல்லை. மேலே போகப் போக அகலம். கட்டி எந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று மெஷினுக்குத் தப்பாகச் சொன்னால் ஓட்டையின் அளவே தப்பு. சாய்வு எவ்வளவு அதிகமோ தப்பும் அவ்வளவு பெரிசு. நேற்றுக் காலை மெஷின் ஓடியிருந்தால் இந்நேரம் கட்டி குப்பை.

மழை மட்டும். பிறகு கு. எண்ணைத் திருத்தினான். ரெ. சரிபார்த்தாள். அவனே இன்னொரு முறை அளந்து இன்னொரு முறை சரிபார்க்கச் சொன்னான். அவன் காது சிவந்திருந்தது. வெளியே வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றான்.

"அங்கிள், நீங்க முகம் கழுவலைன்னா நான் செத்தேன்."

"இன்னொரு தடவை கழுவட்டுமா?"

"வேணாம்லா."

வீட்டுக்கு வரும் வழியில், சிக்னலில், ரெ. கேட்டாள்.

"ஏன்ப்பா நீங்கதான்னு சொன்னீங்க?"

"வாயில அதான் வந்துச்சு."

"பாத்தீங்களா?"

"தூங்கற மாதிரி இருந்தேன்."

பச்சை விழுந்தது. அவள் எடுக்கவில்லை. பின்னால் ஒரு லாரி ஹாரன். எடுத்தாள். கொஞ்ச தூரம் போய் ஓரமாக நிறுத்தினாள்.

"அந்த அட்டையை எழுதினதே நான்தான்," என்றாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. "எனக்குப் போக இஷ்டமில்லப்பா. கடை ஓடலைன்னா உங்களையும் வச்சிக்கிட்டு என்ன பண்றது. அதான் எனக்கென்ன, எனக்கென்னன்னு சொல்லிச் சொல்லிப் பழகிக்கிட்டேன்."

"அதை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? நீங்கதான் ஜித்ரா போறேன்னு அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்களே. நாய் நல்ல நாய்னு வேற சொன்னீங்க."

"நாய் நல்ல நாய்தான்," என்றேன். "ஆனா அதுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது."

வைப்பர் போய் வந்துகொண்டிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள், ஊசி போடாத கையை. அவள் விரலில் பித்தளை வாசம்.

நவம்பர் 8, சனி

டயாலிசிஸ். இன்று ரொம்ப முடியவில்லை. கால் இழுக்கிறது. நர்ஸ் பிரஷரைப் பார்த்துவிட்டு நாற்காலியைச் சாய்த்தாள். அதுவும் முப்பது டிகிரி இருக்கும். சாய்ந்தபடி எழுதுகிறேன், எழுத்தும் சாய்கிறது.

காலையில் மீட்டர் பத்து. வெட்டு ஆரம்பித்துவிட்டார்கள். ரெ. என்னை இங்கே இறக்கிவிட்டு ஓடிவிட்டாள்.

பாக்கியம்மாவிடம் எல்லாம் சொன்னேன். முகம் கழுவியது வரை. வாயைப் பொத்திக்கொண்டார், மெஷின் கத்திவிடும் என்று.

"அப்ப உங்க சாமி உப்பைப் போட்டு நிறுத்திட்டாருன்னு சொல்லுங்க."

"அப்படிச் சொன்னா ரெஜினா திட்டுவா. தண்ணி கெட்டுச்சு, அவ்வளவுதான்னு சொல்றா."

"சொல்லட்டும். நாளைக்கு ஃபோன் வருமே, என்ன சொல்லப் போறா?"

"தெரியலைம்மா. அச்சு நல்லா வந்தா இருப்பா. கெட்டா, போய்த்தான் ஆகணும்."

பாக்கியம்மா பேப்பரை எடுத்தார், படிக்கவில்லை. "செவ்வாக்கிழமை வந்து சொல்லுங்க. எழுதியே கொண்டாங்க. காதுல சொன்னா பாதி மறந்து போவுது," என்றார்.

சென்டர் வேனில் பட்டறைக்கு வந்தேன். வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன். என் நாற்காலி உள்ளே வந்திருந்தது. சிவப்பு நாடா இல்லை.

"ரெஜினா சொல்லிட்டா அங்கிள்," என்றான் கு. "உங்க மூஞ்சி சுத்தம்."

விளக்கு பச்சை. மேல் தலை ஒரு பக்கம் ஒதுங்கி, கம்பி சாய்ந்து, தண்ணீருக்குள் நீலமாக ஒரு பொட்டு. மூலையில் திரும்பும்போது மட்டும் மூன்று பேரும் மூச்சைப் பிடித்தோம். திரும்பியது. வாளியில் கம்பி சுருள் சுருளாக விழுகிறது. மெத்துக் கம்பி, அமுக்கினால் பஞ்சு மாதிரி அடங்குகிறது. உட்கார்ந்தே அமுக்கினேன்.

நவம்பர் 9, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. தரை ஈரம்.

சுற்றி வெட்டியாகிவிட்டது. ஒரு சின்ன இடம் மட்டும் வெட்டாமல் விட்டிருந்தார்கள், பாலம் மாதிரி. அதுதான் நடுவில் இருக்கும் துண்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. துண்டு ஆப்பு வடிவம், மேலே பருத்து. பாலம் அறும் நேரத்தில் அது சரிந்தால் கம்பியை நசுக்கும், அச்சின் சுவரைக் கீறும். இவ்வளவு வேலையும் கடைசி நூலில் போய்விடும். அதனால் மேலே காந்தம் வைத்துப் பிடித்து, மெதுவாக.

வேலைக்கு முன் ரெ. ஃபோனை என் சட்டைப் பையில் போட்டாள். "கை ஈரமா இருக்கும்ப்பா. அடிச்சா எடுங்க."

பாலம் அறுந்தது. சத்தமே இல்லை. விளக்கு நிறம் மாறியது, அவ்வளவுதான். தண்ணீரை இறக்கினார்கள். கு. கட்டியைப் பிடித்துக்கொள்ள, ரெ. காந்தத்தோடு துண்டை நேராகத் தூக்கினாள். கோணலாக இழுத்தால் உரசும். தூக்கினாள். மூச்சு விடவில்லை. வந்தது. தண்ணீர் சொட்ட அவள் இரண்டு கைக்குள்ளும் ஆப்பு. கு. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தான்.

அப்போது ஃபோன். திரையில் இங்கிலீஷ் எழுத்து, அதை இன்னும் படிக்கத் தெரியாது. யார் என்று தெரிந்தது.

"ஹலோ, ரெஜினா இருக்காங்களா? சிங்கப்பூர்லருந்து. முடிவு கேக்கலாம்னு."

"இருக்காங்க. கை ஈரம்," என்றேன். அவளைப் பார்த்தேன்.

"இரு, முதல்ல அளந்துருவோம்," என்றான் கு. "அளந்துட்டுச் சொல்லு. அவசரப்படாதே."

ரெ. ஆப்பைத் துண்டின் மேல் வைத்தாள். தவுக்கே விரித்துவிட்டுப் போன அதே துண்டு. கையைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"வேணாம்ணே. அப்பா, வரலைன்னு சொல்லிடுங்க."

"வரலையாம் தம்பி," என்றேன். "இங்க வேலை இருக்கு."

அதற்குப் பிறகுதான் அளந்தாள். மேலே சரி. கீழே சரி.